"துப்ளே காலத்துத் துப்பாக்கி, சார்!": பழைய ராணுவக் கைத்துப்பாக்கி சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் கைத்துப்பாக்கியைக் காட்டி விலை கேட்டுப் பாருங்கள். விலை அப்புறம்தான் வரும், முதலில் கதை வரும். புதுச்சேரி என்றால் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு கவர்னர் துப்ளே. கடலூர்ப் பக்கம் என்றால் கிளைவ். கொஞ்சம் படித்த கடைக்காரராக இருந்தால் பிரெஞ்சுத் தளபதி லாலி. கதையை மறுக்காதீர்கள், தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மனசுக்குள் மட்டும் ஒரு கழித்தல் கணக்குப் போடுங்கள். துப்ளே 1754-லேயே கப்பலேறிப் போய்விட்டார். கையில் இருப்பது பித்தளை உடம்பு கொண்ட பிரெஞ்சு 1777 மாடல் என்றால், அந்த மாடல் பிறப்பதற்கு 23 வருடம் முன்பே அவர் ஊரில் இல்லை.

இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை இந்தக் கணக்குதான். துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எழுத்து, முத்திரை, மாடல் எல்லாம் ஒரு காலத்தைச் சொல்லும். விற்பவர் வாய் வேறொரு காலத்தைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பழகிவிட்டால், அசலையும் போலியையும் பிரிப்பது பெரிய வித்தையாகத் தெரியாது.

ஆனால் நம் நாட்டில் துப்பாக்கியைத் தொடும் முன் பார்க்க வேண்டியது வேறொன்று இருக்கிறது.

முதலில் காகிதம்

"நூறு வருஷம் ஆயிடுச்சுன்னா லைசென்ஸ் வேணாம் சார்" என்று கடையில் சொல்வார்கள். அதை நம்பி வாங்கிவிடாதீர்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. பழைய மாடலாகவோ தொல்மதிப்பு உள்ளதாகவோ பழுதானதாகவோ இருப்பது மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலையில் இருக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல்லை மாட்டி மருந்து போட்டால் வெடிக்கும் என்றால், 200 வயதானாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கிதான்.

2020 பிப்ரவரியில் ஆயுத விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. 'கியூரியோ' (அரிய பழம்பொருள்) வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டாம் என்றது. பயன்படுத்தவும், எடுத்துச் செல்லவும், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பவும் உரிமம் வேண்டும். சேகரிப்பவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது அந்த வகையில் வருமா என்பதை நீங்களோ கடைக்காரரோ முடிவு செய்யக்கூடாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் படத்தோடு விண்ணப்பம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "பரவாயில்லை, வச்சுக்கங்க" என்று ஓர் அதிகாரி சொன்னால், அவர் மாற்றலாகிப் போகும்வரைதான் அந்த வார்த்தைக்கு மதிப்பு.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. தமிழ்நாட்டில் போலீஸ்காரர் ஒருவருக்குத் தெரிந்த பழைய மாதிரித் துப்பாக்கி, நாட்டுத் துப்பாக்கி ஒன்றுதான். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி யார் வீட்டில் இருந்தாலும் அவருக்கு அது நாட்டுத் துப்பாக்கி வழக்குதான். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகம் 5 வருடம் சிறை. அதனால் காகிதத்தை முதலில் சரி செய்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இன்னும் இரண்டு சட்டங்களும் இதில் வருகின்றன. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் எதுவானாலும் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொழிலாக விற்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அந்த உரிமத்தைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அடுத்த கடைக்குப் போங்கள். அடுத்தது 1878-ஆம் வருடப் புதையல் சட்டம். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ ஏதாவது கிடைத்தால், மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். "நிலத்துல கிடைச்சதுங்க" என்று யாராவது விற்க வந்தால் அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

புதுச்சேரிக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பொறி இருக்கிறது. இங்கே பல வீடுகளில் ஒருவராவது பிரான்சில் இருப்பார். அங்கே 1900-க்கு முந்தைய மாடல் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் உரிமம் இல்லாமலே வாங்கலாம். வாரச்சந்தையில்கூட மேசையில் வைத்து விற்பார்கள். மச்சான் ஆசையாக ஒன்றை வாங்கி, துணிக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினால், அங்கே சட்டப்படி வாங்கிய பொருள் இங்கே சுங்கத்தில் ஆயுதக் கடத்தலாகிவிடும். ரசீது இருந்தாலும் உதவாது. அவரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பொருள் அங்கேயே இருக்கட்டும்.

தாத்தா பெட்டியில் ஒன்று கிடைத்தால்? சொல்தாவாக (பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக) இருந்து ஓய்வுபெற்றவர்கள் வீட்டில் பழைய பதக்கம், பெல்ட், தொப்பியோடு சில சமயம் இதுவும் கிடக்கும். வாட்சப்பில் படம் போடாதீர்கள். ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது: அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, பிறகு உரிமத்துக்கோ விலக்குக்கோ விண்ணப்பிக்கலாம்.

கையில் எடுத்ததும்

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளில் நூறு, நூற்றைம்பது வருடம் கழித்தும் மருந்தும் குண்டும் உள்ளேயே இருந்த கதைகள் நிறைய உண்டு. ஈரம் படாத கருமருந்து சாவதில்லை. அதனால் எந்தத் துப்பாக்கியானாலும் வாயை யாரையும் பார்க்காத பக்கம் திருப்பிப் பிடித்து, விசையைத் தொடாமல், ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் விடுங்கள். எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்து, அதே குச்சியைக் குழலுக்கு வெளியே வைத்துப் பாருங்கள். குச்சி பற்றுவாய்க்கு, அதாவது மருந்துக்குத் தீ போகும் சின்னத் துளைக்கு, நேராக வரவேண்டும். ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக் கூடாகவும் இருக்கலாம், குண்டாகவும் இருக்கலாம். நோண்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள். மேசையில் வைத்துவிட்டு விலகி, ஆயுதப் பழுது பார்க்கும் உரிமம் உள்ளவரிடம் விடுங்கள்.

கடைக்காரர் குதிரையை (விசையைத் தட்டியதும் வந்து அடிக்கும் பாகம்) பின்னால் இழுத்து டப்பென்று விட்டுக் காட்டினால் தடுங்கள். ஆபத்து ஒருபக்கம் இருக்க, பழைய எஃகு வில் ஒருமுறை உடைந்தால் அப்புறம் அதே வில் கிடைக்காது.

இந்தப் பக்கம் என்ன கிடைக்கும்

ஊர் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எதிர்பார்ப்பு அளவோடு இருக்கும். கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலத்தின் ஓரம் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் மராத்தியரிடம் வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை எங்களுக்கு என்று பேரம் பேசியதால் சுற்றியிருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். 1746 முதல் 1752 வரை சென்னை மாகாணத்தின் தலைமையிடமே அங்கேதான். 1758-இல் லாலி அதைப் பிடித்தார். 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட் என்பவருக்கும் சண்டை. 1783-இல் கடலூர் முற்றுகை. புதுச்சேரியோ 1761, 1778, 1793 என்று மூன்று முறை ஆங்கிலேயர் கைக்குப் போய், கடைசியில் 1816-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. அதன்பின் 1814 உடன்படிக்கைப்படி கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது.

இதில் சேகரிப்பவருக்கு ஒரு செய்தி இருக்கிறது. சண்டை நடந்த காலமெல்லாம் சக்கிமுக்கிக் காலம், அதாவது கல் உரசிப் பொறி பறந்து மருந்து பற்றும் துப்பாக்கிகளின் காலம். 1816-க்குப் பிறகு இங்கே பிரெஞ்சுப் படை என்று பெரிதாக இல்லை. அதனால் அதற்குப் பிந்தைய பிரெஞ்சு ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று "புதுச்சேரிப் பட்டாளத்தோடது" என்று வந்தால், அது பின்னாளில் யாரோ கொண்டு வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொருள் அசலாக இருக்கலாம், கதைக்கு மட்டும் தனிக் காசு கொடுக்க வேண்டாம்.

ஆங்கிலப் பக்கம் அடிக்கடி பேசப்படுபவை மூன்று. கப்பல்படைக் கைத்துப்பாக்கி: பெரியது, முரடு, பழையவற்றில் குழல் 12 அங்குலம், இடதுபுறம் இடுப்பு வாரில் மாட்ட ஓர் இரும்புக் கொக்கி. குதிரைப்படையின் இலகுவகை: 9 அங்குலக் குழல். மூன்றாவது, 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் புது மாடல்: மருந்தை இடித்துக் கெட்டிக்கும் கம்பி தொலைந்து போகாதபடி குழல் வாயிலேயே கீலில் மாட்டியிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி இதே மாதிரிகளைத் தனக்கென்று செய்யச் சொல்லித் தன் முத்திரை போட்டுக்கொண்டது.

பிரெஞ்சுப் பக்கம் 1777 மாடலை ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டீர்கள். குழலுக்கு அடியில் மரமே இருக்காது. பித்தளை உடம்பிலிருந்து குழல் வெறுமையாக நீட்டிக்கொண்டிருக்கும். குழல் விட்டம் 17.1 மில்லிமீட்டர். அதன்பின் வந்தவற்றுக்குப் பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியின்படி பெயர்: 9-ஆம் ஆண்டு மாடல் என்றால் 1800-01, 13-ஆம் ஆண்டு மாடல் என்றால் 1804-05. பிந்தையதில் முன்கட்டை குட்டையாகி ஒரு பித்தளைப் பட்டையோடு நின்றுவிடும். நெப்போலியன் போர்களுக்காக நிறையச் செய்தது இந்த மாடலைத்தான். 1822 மாடலில் பெரும்பாலானவை பிற்பாடு கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சின்ன உலோக மூடி) போட்டுச் சுடும் வகைக்கு மாற்றப்பட்டவை. மாற்றாமல் சக்கிமுக்கியாகவே தப்பியது அபூர்வம்.

தோட்டா போட்டுச் சுடும் ரிவால்வர்கள் உண்டு: பிரெஞ்சுக் கடற்படையின் 1858 லெஃபோஷே, செயின்த் எத்தியேன் ஆலையின் 1873 மாடல். அருமையான பொருட்கள். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் இந்தப் பக்கமே வரவேண்டாம். தோட்டா போடும் அறை உள்ள எதுவும் சட்டச் சிக்கலைப் பல மடங்காக்கும்.

முத்திரைகளைப் படிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு பூதக்கண்ணாடி, சாய்வான வெளிச்சம், ஒரு நோட்டு. பார்க்கும் ஒவ்வொரு குறிக்கும் எதிரே "எப்போது முதல், எப்போது வரை" என்று எழுதுங்கள். எல்லாக் குறிகளும் சேர்ந்து ஒரே காலத்தில் உட்கார வேண்டும்.

பிரெஞ்சுத் துப்பாக்கியில் குதிரை பொருத்திய பக்கத் தகட்டில் (பூட்டுத் தகடு), சாய்ந்த கையெழுத்து மாதிரி ஆலையின் பெயர் வெட்டியிருக்கும்: சார்லவில், செயின்த் எத்தியேன், மொபேழ் என்று. பெயருக்கு முன்னால் வரும் சொல்தான் முக்கியம். அரசர் காலத்தில் 'ரோயால்'. நெப்போலியன் பேரரசரான 1804 முதல் 1814 வரை 'அம்பெரியால்'. அரசர்கள் திரும்பியதும் 1848 வரை மறுபடி 'ரோயால்'. 13-ஆம் ஆண்டு மாடலில் 'அம்பெரியால்' என்றிருந்து குழலில் 1809 என்றிருந்தால் சரியாக இருக்கிறது. 'அம்பெரியால்' என்று வெட்டி 1822 என்று தேதி போட்டிருந்தால் இரண்டு துப்பாக்கிகளைப் பிரித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள், அல்லது முழுவதும் கதை. மாடல் வருடம் வேறு, செய்த வருடம் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். மாடல் வருடத்துக்குப் பின் பத்து வருடம் கழித்துச் செய்த அசல் இருக்கலாம், முன்னால் செய்தது இருக்க முடியாது.

ஆங்கில ராணுவத் துப்பாக்கியில் கிரீடமும் அதன்கீழ் அரசர் பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும். ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் 'ஜி.ஆர்.', 1837 முதல் விக்டோரியாவின் 'வி.ஆர்.'. வாலில்லாத அம்பு போன்ற மூன்று கோடுகள் அரசுச் சொத்து என்பதற்கான அடையாளம். லண்டன் டவர் கோட்டையின் ஆயுதக்கிடங்கைக் குறிக்கும் 'டவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் மயங்கிவிடுகிறார்கள், போலி செய்பவர்களுக்கும் அதுதான் செல்லச் சொல். 1764 வரை பூட்டுத் தகட்டில் செய்தவர் பெயரும் வருடமும் வெட்டும் வழக்கம் இருந்தது. அந்த வருடம் அதை நிறுத்தி வெறும் 'டவர்' என்று மட்டும் போடச் சொன்னார்கள். வருடத்தோடு 'டவர்' மறுபடி வருவது பெரும்பாலும் விக்டோரியா காலத்துக் கேப்புத் துப்பாக்கிகளில். எனவே சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி ஒன்றில் 'டவர் 1780' என்று அழகாக வெட்டியிருந்தால், அந்த அழகே அதற்கு எதிரான சாட்சி.

கம்பெனித் துப்பாக்கிகளுக்கு நல்ல ஓர் எல்லைக்கோடு உண்டு. முதலில் இதய வடிவைக் கோடுகளால் பிரித்து எழுத்துகள் போட்ட முத்திரை. 1808 வாக்கில் அது மாறி, கிரீடத்தைப் பிடித்து எழுந்து நிற்கும் சிங்கம் வந்தது. சிங்கமும் இருந்து, பரங்கிப்பேட்டைச் சண்டையில் கிடைத்தது என்ற கதையும் இருந்தால், 1781-இல் அந்தச் சிங்கம் இன்னும் பிறக்கவில்லை என்று நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். குழல் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்துப் போடும் சோதனை முத்திரையும் உதவும். பர்மிங்காமின் சோதனைக்கூடம் 1813-இல் சட்டத்தின் மூலம் வந்தது. அதன் முத்திரையோடு ஒரு துப்பாக்கி கடலூர் முற்றுகைக்கு வந்திருக்க முடியாது.

வெட்டிய விதத்தையும் பாருங்கள். உளியால் வெட்டிய எழுத்தின் ஓரம் கூர்மையாகத் தொடங்கித் தேய்ந்திருக்கும். கோட்டின் ஆழம் ஒரே சீராக இராது. முழுத் தகட்டையும் அச்சில் வார்த்த போலியில் எழுத்தும் கூடவே வார்ப்பாக வரும்: ஓரங்கள் உருண்டை, குழியின் அடியில் மணல் மணலாகப் புள்ளிகள்.

தகட்டைக் கழற்றினால்

விற்பவர் சம்மதித்தால் மட்டும், அதுவும் திருகாணி வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் மட்டும். பொருந்தாத கருவியால் திருகி வாயைச் சிதைத்துவிட்டால், அடுத்து வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இடதுபக்கத் திருகாணிகளைத் தளர்த்தியதும் பூட்டு (தகடு, குதிரை, வில் எல்லாம் சேர்ந்த சுடும் பொறி) மொத்தமாக வெளியே வரும். அசலில் பார்க்கவேண்டியது இப்போதுதான் தொடங்குகிறது. வெளிப்புறத்தை எவ்வளவு தேய்த்து மெருகேற்றினாலும் உட்புறத்தைப் பெரும்பாலும் யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். அரத்தால் இழைத்த கோடுகள், கருத்து உறைந்த பழைய எண்ணெய், ஒவ்வொரு பாகத்திலும் ஒரே மாதிரி ஒரு சின்னக் குறி: இரண்டு வெட்டு, மூன்று புள்ளி, ஓர் எழுத்து. அந்தக் காலத்தில் திருகாணிகளைக் கையால் செய்ததால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. எது எங்கே என்று தெரிய வேலைக்காரன் போட்டுக்கொண்ட குறி அது. ஐந்து பாகத்தில் மூன்று வெட்டும் குதிரையில் மட்டும் ஏழு வெட்டும் இருந்தால், குதிரை வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது.

மரத்தில் பூட்டு உட்கார்ந்திருந்த பள்ளத்தையும் பாருங்கள். ஐரோப்பிய ராணுவத் துப்பாக்கிகளின் கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். பள்ளத்தின் ஓரங்களில் இரும்பின் கறை ஊறிக் கருத்திருக்கும். பற்றுவாய் ஓரம் மருந்துப் புகையில் லேசாகக் கருகியிருக்கும். மரம் இரண்டு நூற்றாண்டில் சற்றே சுருங்கியதால் தகட்டின் விளிம்பு மரத்தைவிட மயிரிழை உயரமாக நிற்கும். கடையில் ஒருமுறை பார்த்த 'டவர்' துப்பாக்கி ஒன்றில், வெளியே காபிக் கஷாயம் போல் கரும்பழுப்பு. பூட்டைத் தூக்கியதும் உள்ளே பளிச்சென்று வெளிறிய புது மரம், மூலையில் மின்சாரத் துளைக்கருவி சுழன்ற வட்டம். பள்ளத்தின் வடிவம்கூடத் தகட்டின் வடிவத்தில் இல்லை. கடைக்காரர் எதுவும் பேசாமல் திரும்ப மாட்டிவிட்டு, "டீ சாப்பிடுறீங்களா சார்" என்றார். நல்ல மனிதர். டீ குடித்துவிட்டு வந்தேன்.

போலியும் பாதிப் போலியும்

முழுப் போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். வடநாட்டில் அலங்காரத்துக்கும், வெளிநாட்டில் பழைய போர்களை நடித்துக் காட்டுபவர்களுக்கும் செய்யும் நகல்கள் ஏராளம். நகலை நகல் என்று விற்றால் அதில் தப்பில்லை. அமிலத்தில் முக்கித் துருவேற்றி, இரண்டு மாதம் சாணத்தில் புதைத்து, அசல் என்று விற்பதுதான் தப்பு. அப்படி ஏற்றிய துரு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். கை படாத மூலையிலும் கை தேய்க்கும் பிடியிலும் ஒரே துரு என்றால் காலம் செய்த வேலை இல்லை அது. பித்தளை ஆணிகளும் சிப்பிப் பதிப்பும் அள்ளித் தெளித்திருந்தால் அது சுற்றுலாப் பயணிக்காகச் செய்தது. சிப்பாய்க்குக் கொடுத்த துப்பாக்கி எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நேர்க்கோடாகத் தையல் ஓடினால் அது பைப் கடையில் வாங்கிய குழாய்.

பாதிப் போலிதான் ஆளைக் கவிழ்க்கும். எல்லா இரும்பும் பழசு, எல்லா முத்திரையும் அசல், ஆனாலும் பொருள் அசலில்லை. அதில் முதலிடம் 'திருப்பி மாற்றியவை'க்கு. 1840-களில் சக்கிமுக்கியைக் கைவிட்டுக் கேப்புக்கு மாறியபோது படைகள் பழைய துப்பாக்கிகளைத் தூக்கிப் போடவில்லை. மருந்துக் கிண்ணியையும் கல் உரசும் எஃகுத் தகட்டையும் கழற்றி, பற்றுவாயில் கேப் மாட்டும் குமிழைத் திருகி, குதிரையைச் சுத்தி மாதிரி மாற்றிவிட்டார்கள். அது உண்மையான ராணுவ மாற்றம், வரலாற்றின் பகுதி. ஆனால் சந்தையில் சக்கிமுக்கிக்கு விலை அதிகம். அதனால் பின்னாளில் யாரோ ஒருவர் மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்து கூடுதல் விலைக்கு விற்கிறார்.

பிடிப்பதற்கு மூன்று இடம். பற்றுவாயைச் சுற்றி நிறம் மாறிய ஒரு வட்டம் தெரிகிறதா? குமிழ் இருந்த பெரிய துளையை அடைத்து, நடுவில் சின்னத் துளை போட்ட தடம் அது. குதிரையிலும் கிண்ணியிலும் உள்ள குழிகள் தகட்டிலுள்ள குழிகளோடு தொடர்ச்சியாக இருக்கின்றனவா? தகடு முழுக்க அம்மைத் தழும்பாக இருக்க, குதிரை மட்டும் வழவழப்பாக இருந்தால் சந்தேகம். மூன்றாவது, நிஜமாகச் சுட்ட சக்கிமுக்கியில் பற்றுவாய் ஓரம்தான் அரிப்பு அதிகம், கிண்ணி மருந்து எரிந்த தீ அங்கேதான் அடிக்கும். மற்ற இடமெல்லாம் அரித்துப்போய், அந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தால் கையை விட்டுவிடுங்கள்.

கண்ணைப் பழக்க, அசலைப் பார்க்கவேண்டும். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவிலும் கண்ணாடிக்குப் பின்னாலாவது பார்க்கலாம். வெள்ளிக்கிழமை இரண்டும் மூடியிருக்கும். லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸ் தன் சேகரிப்பை இணையத்தில் படங்களோடு வைத்திருக்கிறது. பிரான்சில் சொந்தம் இருந்தால், பாரிஸ் ராணுவ அருங்காட்சியகத்துக்கோ செயின்த் எத்தியேன் அருங்காட்சியகத்துக்கோ போய்ப் பூட்டுத் தகடுகளைப் பக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். மச்சானுக்கு நாம் வைக்கவேண்டிய வேலை அதுதான்.

விலை

வெளிநாட்டு ஏல விலையைக் கைப்பேசியில் காட்டி "பாருங்க சார், யூரோவுல எவ்ளோ போகுதுன்னு" என்பார்கள். அந்த விலை இங்கே செல்லாது. இங்கிருந்து அதை அனுப்ப முடியாது, அங்கே வாங்குபவர் இங்கே வந்து வாங்கப் போவதுமில்லை. உள்ளூரில் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய சிலருக்குள் மட்டும்தான் கைமாறும். விற்க நினைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். இதை முதலீடு என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஒரே மாடல் இரண்டு இருந்தால் எதற்கு அதிகம் கொடுப்பது? என் வரிசை இது: முதலில் பாகங்கள் எல்லாம் ஒரே துப்பாக்கியின் பாகங்களா என்பது. பிறகு முத்திரைகள் படிக்கும்படி இருக்கின்றனவா என்பது. அதற்குப் பிறகுதான் நிலைமை. பளபளப்பைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கியதற்கு, கரும்பழுப்பாகவே விட்டதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பேன், ஏனென்றால் தேய்த்த கை முத்திரையையும் சேர்த்துத் தேய்த்திருக்கும். கெட்டிப்புக் கம்பி பிற்பாடு செய்ததாக இருந்தால் பெரிய குறையில்லை, தொலையாத கம்பிதான் அபூர்வம். குதிரை மாறியிருந்தால் நிறையக் குறைக்க வேண்டும். குழலை வெட்டிக் குட்டையாக்கியிருந்தால் வாங்கவே வேண்டாம். மாடலின் அளவைத் தெரிந்துகொண்டு டேப்போடு போனால் இது உடனே தெரிந்துவிடும். சட்ட விலக்குக்காகக் குழலின் அடியில் துளை போட்டோ உள்ளே ஈயம் ஊற்றியோ முடமாக்கியவை உண்டு. சேகரிப்பு மதிப்பு குறையும்தான், ஆனால் நம் ஊர்ச் சூழலில் நிம்மதியாக வைத்துக்கொள்ளக்கூடியது அதுதான் என்பதால் நான் அதைத் தாழ்வாக நினைப்பதில்லை. அதை மறுபடி சுடும்படி செய்வது மட்டும் குற்றம்.

கதைக்கு விலை உண்டா என்றால், காகிதம் இருந்தால் உண்டு. பிடியில் படைப்பிரிவின் எண், அதனுடன் ஒத்துப்போகும் பழைய ஏல ரசீது, குடும்பத்தின் கடிதம், இப்படி ஏதாவது. வாய்க்கதைக்கு டீக்காசு போதும்.

முதல் பொருளாகத் துப்பாக்கியையே வாங்க வேண்டியதில்லை என்பது என் யோசனை. தனியாகக் கிடைக்கும் பூட்டுத் தகடு, பித்தளைப் பிடித்தகடு, மருந்துக் குப்பி, குண்டு வார்க்கும் அச்சு, பட்டாளத்துப் பொத்தான் என்று தொடங்கலாம். செலவு குறைவு. பூட்டுத் தகடு ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு முழுத் துப்பாக்கி வரும்போது எங்கே பார்ப்பது என்று தானாகத் தெரியும். ஆயுதப் பாகங்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்பதால், விண்ணப்பம் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

நம் ஊரில் பழைய இரும்புக்குப் பகைவன் கடல்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வேர்க்கும்போது இரும்பைக் கேட்கவா வேண்டும்! கைவியர்வையும் உப்புதான், அதனால் பருத்திக் கையுறை போட்டுத் தொடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், நாளடைவில் பிசினாகிப் பூட்டை இறுக்கிவிடும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு இரும்பில் மட்டும் துடைத்து, ஈரம் தெரியாதபடி எடுத்துவிட்டால் போதும். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு கிடைத்தால் இன்னும் நல்லது. அம்மாவோ மனைவியோ பாசத்தில் பித்தளைப் பாகத்தைப் புளி போட்டுத் துலக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இது விளையாட்டாகச் சொல்வதல்ல. தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிய கண்ணாடி அலமாரி, தரையைத் தொடாமல், கடல் பக்கத்துச் சுவரில் இல்லாமல். மரக்கட்டைக்குக் கரையான் பார்வை மாதம் ஒருமுறை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய தேதி, யாரிடம், என்ன விலை, அளவுகள், எல்லா முத்திரைகளின் படம், ஆட்சியர் அலுவலகப் பதிலின் நகல். குறைகளையும் மறைக்காமல் எழுதுங்கள்: குதிரை பிற்காலத்தது, கம்பி புதுசு, பற்றுவாய் அடைத்துத் துளைத்தது என்று. கடைக்காரர் சொன்ன கதையைக் கடைசிப் பக்கத்தில், "கடைக்காரர் சொன்னது" என்று தலைப்பிட்டுத் தனியாக எழுதுங்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அலமாரியைத் திறப்பவர் அந்தக் காகிதத்தோடு நேராகக் காவல் நிலையத்துக்குப் போக முடியும்.